பேட்டரி இல்லாத கைப்பட்டை நோயாளியின் அடையாளத்தைச் சொல்வது எப்படி?

உள்நோயாளியின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டையின் அருகே செவிலியர் ஒரு கருவியைக் கொண்டுவருகிறார். போர்வையை விலக்கவில்லை, உறங்குபவரை எழுப்பவும் இல்லை, ஆனாலும் அவருடைய பெயரும் பிறந்த தேதியும் திரையில் வந்துவிடுகின்றன. பட்டையைத் தடவிப் பார்த்தால் பேட்டரி இருப்பதற்கான அறிகுறியே இல்லை; அப்படியானால் அது எங்கிருந்து மின்சாரம் பெற்று, எப்படிச் செய்தி அனுப்புகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மிக நல்ல கேள்வி. ஏனெனில், நாம் வழக்கமாகப் பொருள்கொள்ளும் வகையில், அந்தப் பட்டை எதையும் அனுப்புவதே இல்லை.

ஆளை மாற்றிச் சிகிச்சை அளித்துவிடும் தவறு உலகெங்கும் நேர்கிறது. ஓ வகை இரத்தம் உள்ளவருக்கு ஏ வகை இரத்தத்தை ஏற்றினால், அவர் உடலில் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பொருள்கள் புதிதாக வந்த சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அது உயிரையே பறிக்கக்கூடும். ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட நோயாளிப் பாதுகாப்புப் பரிந்துரைகளில், பெயர், பிறந்த தேதி போன்ற இரண்டு அடையாளங்களையாவது சரிபார்க்க வேண்டும், அறை எண்ணை அவற்றில் ஒன்றாகக் கொள்ளக் கூடாது என்று கூறியது. பார்கோடு அச்சிட்ட பட்டைகளும் இந்த வேலைக்குப் பயன்படுகின்றன. ஆனால் அவற்றை ஒளியால் படிக்க வேண்டும் என்பதால் கோடுகள் வெளியே தெரிந்தாக வேண்டும். பச்சிளங்குழந்தையின் மெல்லிய மணிக்கட்டில் அவை வளைந்து மறைந்துவிடும், ஈரமும் இரத்தக் கறையும் பட்டால் மங்கிவிடும். ரேடியோ அலைப் பட்டைக்கு இந்தத் தொல்லைகள் இல்லை.

பட்டையின் இரு அடுக்குகளுக்கு நடுவே இருப்பவை தட்டையான ஓர் உலோகச் சுருளும், அதன் இரு முனைகளுக்கிடையே பொருத்தப்பட்ட மிகச் சிறிய ஒரு சிலிக்கன் சில்லும்தான். செவிலியர் கையிலுள்ள ரீடர் கருவிக்குள்ளும் ஒரு சுருள் உண்டு. அதில் வினாடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை முன்னும் பின்னுமாக அலையும் மின்னோட்டம், அதாவது 13.56 மெகாஹெர்ட்ஸ் மின்னோட்டம், பாய்கிறது. மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்று ஃபாரடே 1831-இல் கண்டறிந்ததைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். பட்டையின் சுருளும் சில்லுக்குள் இருக்கும் மின்தேக்கியும் அதே அதிர்வெண்ணில் ஒத்ததிரும்படி அமைக்கப்பட்டிருப்பதால், மெலிந்த புலத்திலிருந்தும் சில வோல்ட் கிடைத்துவிடும். அதை நேர்மின்னோட்டமாக்கிச் சில்லு விழித்துக்கொள்கிறது. அதற்கெனத் தனிக் கடிகாரம்கூடக் கிடையாது; வந்து சேரும் அலையின் துடிப்புகளை எண்ணியே தன் வேலைகளுக்குக் காலக்கணக்கு வைத்துக்கொள்கிறது.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு கயிற்றின் முனையைப் பிடித்து நாம் ஆட்டிக்கொண்டிருக்கிறோம். மறுமுனையில் இருப்பவர் இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அது நம் கைக்குத் தெரிந்துவிடும் அல்லவா? சில்லும் இதைத்தான் செய்கிறது. தன் சுருளுக்குக் குறுக்கே ஒரு சிறு மின்தடையை டிரான்சிஸ்டர் மூலம் இணைக்கிறது, துண்டிக்கிறது. இணைக்கும்போது அது புலத்திலிருந்து சற்றுக் கூடுதலாக ஆற்றலை இழுக்கிறது. இரு சுருள்களும் ஒரே காந்தப்புலத்தால் பிணைக்கப்பட்டிருப்பதால், அந்தச் சுமை ரீடரின் சுருளிலும் மின்னழுத்த மாற்றமாக வெளிப்படுகிறது. இதற்குச் சுமைப் பண்பேற்றம் என்று பெயர். ஒன்றும் பூச்சியமுமான எண்களைச் சில்லு இப்படித்தான், தான் எவ்வளவு பாரமாக இருக்கிறோம் என்பதை மாற்றி மாற்றியே, தெரிவிக்கிறது.

ஆனால் ரீடரின் சுருளில் 100 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும்போது, பட்டையால் ஏற்படும் மாற்றம் 10 மில்லிவோல்ட் அளவில்தான் இருக்கும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அசைவை அந்தப் பெரிய அலையின் உச்சியில் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி அழகானது. சில்லு தனக்கு வரும் துடிப்புகளை 32-ஆல் வகுத்து, வினாடிக்கு 4,23,750 முறை என்ற வேகத்தில் மின்தடையை இணைத்துத் துண்டிக்கிறது. அப்படிச் செய்யும்போது 13.56 மெகாஹெர்ட்ஸின் இருபுறமும், ஏறத்தாழ 13.14, 13.98 மெகாஹெர்ட்ஸ் என்ற இடங்களில், இரண்டு பக்க அலைகள் முளைக்கின்றன. ரீடர் தன்னுடைய உரத்த அலையை வடிகட்டி ஒதுக்கிவிட்டு, அது தானாக உண்டாக்காத அந்தப் பக்க அலைகளை மட்டும் கேட்டால் போதும். 64 பிட் நீளமுள்ள அடையாள எண் சில மில்லி வினாடிகளில் வந்து சேர்ந்துவிடும்.

13.56 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 22 மீட்டர் என்பதால், ஒரு சாண் தூரத்தில் நிகழ்வது அலையாகப் பரவுதல் அன்று. சுருளோடு ஒட்டிய காந்தப்புலத்தின் வேலை. சுருளைவிட்டு விலகும்போது அந்தப் புலம் தூரத்தின் மும்மடிக்கேற்பத் தேய்கிறது. தூரம் இரட்டிப்பானால் வலிமை எட்டில் ஒரு பங்காகிவிடும். இதைக் குறையாகப் பலர் கருதுகிறார்கள்; நான் அதை ஒரு பாதுகாப்பாகவே பார்க்கிறேன், அடுத்த கட்டிலில் இருப்பவரின் பட்டை தவறுதலாகப் பதிலளிக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம். 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் இயங்கும் கைப்பட்டைகளைப் பல மீட்டர் தொலைவிலிருந்தும் படிக்கலாம் என்றாலும், நீர் நிறைந்த நம் உடல் அந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். கைமேல் படுத்து உறங்குபவரின் பட்டை மௌனமாகிவிடக்கூடும்.

இந்த அலைகள் உடலுக்குக் கேடு செய்யுமோ என்று அஞ்சுபவர்கள் உண்டு. 13.56 மெகாஹெர்ட்ஸ் ஃபோட்டான் ஒன்றின், அதாவது அந்த அலையின் ஒரு துகளின் ஆற்றல், எக்ஸ் கதிர்கள் செய்வதுபோல் ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவதற்குத் தேவையான ஆற்றலில் பத்துக் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. கதிர்வீச்சைத் தடுப்பதாகச் சொல்லி விற்கப்படும் உலோக ஒட்டுவில்லைகளைப் பட்டையின் மேல் ஒட்டினால் உடலுக்கு ஒரு நன்மையும் விளையாது; பட்டையைப் படிக்க முடியாமல் போகும், அதுதான் உண்மையான ஆபத்து.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 41 மருத்துவக் கருவிகளின் அருகே 868 மெகாஹெர்ட்ஸ், 125 கிலோஹெர்ட்ஸ் அலைகளில் இயங்கும் இத்தகைய ரேடியோ அடையாள அமைப்புகளை இயக்கி, நோயாளிகள் யாரும் இணைக்கப்படாத நிலையில் 123 சோதனைகள் செய்தார்கள். 34 முறை இடையூறு ஏற்பட்டது. அவற்றில் 22 அபாயகரமானவை என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2008-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை கூறுகிறது. மருந்து செலுத்தும் பம்புகள் நின்றுபோனதும், செயற்கைச் சுவாசக் கருவிகள் அணைந்துபோனதும் அவற்றில் அடங்கும். பட்டைகளையும் ரீடர்களையும் வாங்கப் பணம் ஒதுக்கும் மருத்துவமனை, தன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இத்தகைய சோதனையைச் செய்யவும் ஒதுக்க வேண்டும். அதை விற்பவரிடமே விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பாலான அமைப்புகளில் பெயரும் இரத்த வகையும் மருத்துவமனையின் கணினியில்தான் இருக்கும், பட்டையில் இருப்பது எண் மட்டுமே. அந்த எண்ணை இன்ன நோயாளிக்கு உரியது என்று முதன்முதலில் பதிந்து, பட்டையைக் கையில் கட்டுபவர் ஒரு மனிதர். அந்த நேரத்தில் ஆள் மாறிவிட்டால், அதன்பின் ஒவ்வொரு முறையும் ரீடர் மற்றொருவரின் விவரத்தையே பிழையின்றி எடுத்துக் காட்டும். எனவே பட்டையைக் கட்டும்போது, "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்கக் கூடாது, காது சரியாகக் கேளாதவரும் அரைமயக்கத்தில் இருப்பவரும் அதற்குத் தலையாட்டிவிடுவார்கள். "உங்கள் பெயர் என்ன? பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு, அவர் வாயாலேயே பதில் சொல்ல வைக்க வேண்டும், அவரால் பேச முடியாதபோது உடன் வந்தவரிடம் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.