கூகுளை யாரும் உடைக்கவில்லை, உங்கள் கம்ப்யூட்டரைத்தான்

‘1600 கோடி பாஸ்வேர்டு திருட்டு! கூகுள், ஆப்பிள், ஃபேஸ்புக் எல்லாம் காலி!’ என்று ஒரு செய்தி கிளம்பினால் போதும், அன்றைக்கு என் வேலை ஓடாது. அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் நான் இலவச ஹெல்ப்லைன். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “கூகுளையே ஹேக் பண்ணிட்டாங்களாமே, இனி நாம என்ன பண்றது?”

பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அண்மையில் வந்த ஒரு கேஸுக்குப் பிறகு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. வீடியோ எடிட்டிங் செய்யும் ஒரு தம்பி. யூடியூப் சேனல், மெயில், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே ராத்திரியில் கைவிட்டுப் போய்விட்டன. “டூ-ஸ்டெப் போட்டிருந்தேன்ணா. ஓடிபிகூட யாருக்கும் சொல்லலை. அந்த 1600 கோடி லீக்லதான் என்னோடதும் போயிருக்கும்” என்றான். பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் ஏற்பாட்டைத்தான் டூ-ஸ்டெப் என்கிறான்.

இல்லை தம்பி. முந்தின நாள் என்ன இன்ஸ்டால் செய்தாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் வந்தது பதில்: எடிட்டிங் சாஃப்ட்வேரோடு சேர்க்கும் ஒரு பிளகின், கிராக் செய்தது (காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு), யூடியூப் வீடியோவின் கீழே இருந்த லிங்க்.

அந்த 1600 கோடிக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 2025 ஜூனில் வந்த செய்தி அது. உலக மக்கள்தொகையே சுமார் 800 கோடிதான். அப்படியானால் கைக்குழந்தை உட்பட ஆளுக்கு இரண்டு பாஸ்வேர்டு திருடு போயிருக்க வேண்டும். உண்மையில் நடந்தது வேறு. பல காலமாகப் பல இடங்களில் திரட்டப்பட்ட பட்டியல்கள், ஒன்றில் இருப்பதே இன்னொன்றிலும் இருக்கும் பட்டியல்கள், அவற்றை மொத்தமாகக் கூட்டிய எண் அது. அந்தச் சமயத்தில் கூகுளின் சர்வரிலோ ஆப்பிளின் சர்வரிலோ யாரும் புகுந்து பாஸ்வேர்டுகளை அள்ளவில்லை. பட்டியலில் ஒரு வரி எப்படி இருக்கும் தெரியுமா? முதலில் தளத்தின் முகவரி, பிறகு யூசர் நேம், பிறகு பாஸ்வேர்டு. நடுவில் ஒரு முக்காற்புள்ளி. அவ்வளவுதான். ஜிமெயிலின் முகவரி லட்சக்கணக்கான வரிகளில் இருக்கிறது என்றால், லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கணினியில் ஜிமெயில் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருந்தார்கள் என்றுதான் பொருள். செய்தி எழுதுபவர் அந்த முகவரியைப் பார்க்கிறார், தலைப்பில் கூகுள் வந்துவிடுகிறது. ‘அடையாளம் தெரியாத லட்சம் பேரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் திருட்டு’ என்று போட்டால் யார் கிளிக் செய்வார்கள்?

அடுத்த சில மாதங்களில் இன்னொன்று வந்தது: ‘250 கோடி ஜிமெயில் பயனர்களுக்கு அவசர எச்சரிக்கை’. அப்படி ஒரு எச்சரிக்கையை எல்லோருக்கும் தாங்கள் விடவேயில்லை என்று கூகுளே மறுப்பு வெளியிட்டது. மறுப்பை எனக்கு யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை. 2024 பிப்ரவரியில், இணையத்தோடு இணைந்த 30 லட்சம் ஸ்மார்ட் டூத்பிரஷ்கள் ஹேக் ஆகி, எல்லாம் சேர்ந்து ஒரு இணையதளத்தை முடக்கின என்று உலகமெங்கும் செய்தி ஓடியது. ஒரு பேட்டியில் உதாரணத்துக்குச் சொன்னது, நிஜமாக நடந்ததல்ல என்று சம்பந்தப்பட்ட பாதுகாப்பு நிறுவனம் விளக்கம் தரவேண்டி வந்தது. இன்றும் ஒருவர் என்னிடம் டூத்பிரஷ் பற்றிக் கேட்கிறார்.

சரி, அந்தப் பட்டியல்களின் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது? இன்ஃபோஸ்டீலர் என்ற வகை வைரஸ்களிடமிருந்து. ரெட்லைன், விடார், லும்மா என்று பல பெயர்கள். மாதச் சந்தாவுக்கு வாடகைக்கே கிடைக்கின்றன. லும்மாவின் வலையமைப்பை 2025 மே மாதம் முடக்கியபோது, அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் அது புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. ரெட்லைனை 2024 அக்டோபரில் நெதர்லாந்து போலீஸ் தலைமையில் பல நாட்டு போலீஸார் சேர்ந்து முடக்கினார்கள். ஒன்று போனால் இன்னொன்று வருகிறது, தொழில் நிற்கவில்லை.

இது உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகமில்லை. சத்தமே போடாது. ஓடிய வேகத்தில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கிகள், படிவங்களில் தானாக நிரம்பும் விவரங்கள், டெஸ்க்டாப்பில் கிடக்கும் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்பிவிடும். பல ரகங்கள் வேலை முடிந்ததும் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். அதனால்தான் மறுநாள் ஆன்டிவைரஸ் ஸ்கேன் போட்டுவிட்டு, “ஒண்ணுமே இல்லைன்னு காட்டுதே சார்” என்கிறீர்கள். திருடன் போன பிறகு வீட்டில் திருடன் இருக்கிறானா என்று தேடினால் வேறென்ன காட்டும்?

இனி எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன். ‘டூ-ஸ்டெப் போட்டிருக்கேன், ஓடிபி இல்லாம யாரும் உள்ளே வர முடியாது.’

வரலாம். நீங்கள் லாகின் செய்யும்போதுதான் ஓடிபி கேட்கும். லாகின் ஆன பிறகு, ‘இவரைச் சரிபார்த்தாயிற்று’ என்பதற்கு அடையாளமாக அந்தத் தளம் உங்கள் பிரவுசரில் ஒரு குக்கியை வைக்கிறது. பொருட்காட்சியில் நுழையும்போது கையில் கட்டிவிடும் பட்டை மாதிரி. வாசலில்தான் டிக்கெட் பார்ப்பார்கள், உள்ளே சுற்றும்போது பட்டையைத்தான் பார்ப்பார்கள். தினமும் காலையில் ஜிமெயில் உங்களிடம் பாஸ்வேர்டு கேட்பதில்லையே, ஏன்? அந்தக் குக்கி இருப்பதால். திருடன் எடுத்துப்போவது அதைத்தான். தன் பிரவுசரில் அதைப் போட்டுக்கொண்டால், பல தளங்களுக்கு அவன்தான் நீங்கள். அவனிடம் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது.

விவரமில்லாதவர்களுக்கு மட்டும் நடப்பது இது என்று நினைக்கவேண்டாம். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற யூடியூப் சேனல் இப்படித்தான் போனது. ஒன்றரைக் கோடிப் பேர் பின்தொடரும் சேனல், பேசுவதே கம்ப்யூட்டர் பற்றித்தான். விளம்பர ஒப்பந்தம் என்று வந்த மெயிலின் இணைப்பை அங்கே ஓர் ஊழியர் திறந்தார், பார்வைக்கு அது பிடிஎஃப். சற்று நேரத்தில் சேனலின் பெயர் டெஸ்லா என்று மாறி, கிரிப்டோ மோசடி நேரலை ஓடியது. பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்த்தும் உடனே நிற்கவில்லை, போனது பாஸ்வேர்டு இல்லையே.

டூ-ஸ்டெப் வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் கிளம்பிவிடாதீர்கள். கட்டாயம் வேண்டும். 2024-ல் ஸ்னோஃப்ளேக் என்ற தரவுக் கிடங்கு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களான சுமார் 165 நிறுவனங்களின் தரவு பறிபோயிருக்கலாம் என்று எச்சரிக்கை வந்தது. ஸ்னோஃப்ளேக்கை யாரும் உடைக்கவில்லை. இன்ஃபோஸ்டீலர்கள் முன்பே திருடி வைத்திருந்த பாஸ்வேர்டுகள், சில 2020-லேயே திருடியவை, நான்கு வருடம் கழித்தும் மாற்றப்படாமல் வேலை செய்தன. பறிபோன கணக்குகளில் டூ-ஸ்டெப் இல்லை. இருந்திருந்தால் அந்தக் கதவு சாத்தியிருக்கும்.

உள்ளே எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிராக், கேம் சீட் (விளையாட்டில் குறுக்குவழியில் ஜெயிக்க உதவும் புரோகிராம்), மோட் (விளையாட்டை மாற்றியமைக்கும் கோப்பு) இவைதான் முதல் வாசல். ‘இன்ஸ்டால் பண்ணும்போது ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடுங்க, அது சும்மா தப்பா காட்டும்’ என்று ஒருவன் எழுதியிருந்தால், அந்த இடத்திலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஜிப் கோப்புக்கு பாஸ்வேர்டு 1234 என்று தருகிறானே, அது உங்கள் பாதுகாப்புக்கு இல்லை. பூட்டிய கோப்புக்குள் ஸ்கேனர் எட்டிப்பார்க்க முடியாது, அதற்காக. கோப்பு வேண்டுமென்றே 700 எம்பி இருக்கும். உள்ளே ஐந்து எம்பிகூடத் தேறாது, மீதி வெறும் பூஜ்யங்கள். பெரிய கோப்புகளைப் பல ஸ்கேனர்கள் பார்க்காமல் விட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது வாசல் புதியது, இதைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானிக்கவும். ஏதோ ஒரு தளத்தில் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்’ என்று பெட்டி வரும். டிக் செய்ததும் மூன்று படிகள் காட்டும்: விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், கன்ட்ரோல்-வி அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள். நீங்கள் டிக் செய்த நொடியிலேயே ஒரு கட்டளை உங்கள் கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தது தங்கும் இடத்தில், ஏறியிருக்கும். அதை உங்கள் கையாலேயே, விண்டோஸும் ஆரும் சேர்ந்து திறக்கும் ரன் பெட்டியில் (கட்டளைகளை ஓட்டும் இடம்) ஒட்டி, உங்கள் கையாலேயே ஓடவிடுகிறீர்கள். உலகத்தில் எந்த ஒழுங்கான கேப்ட்சாவும் (அந்த ரோபோ சோதனைதான்) ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. சொன்னால் அந்த டேபை மூடுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த ஒன்றையாவது சொல்லிவையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அலுவலகம் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊழியர் அலுவலகக் கணினியின் குரோமில் தன் சொந்த ஜிமெயிலை வைத்து லாகின் செய்தால், அங்கே சேமிக்கும் அலுவலகப் பாஸ்வேர்டுகள் சிங்க் ஆகி அவர் வீட்டுக் கணினிக்கும் போகும். அங்கே அவர் பையன் கேம் சீட் தேடிக்கொண்டிருப்பான். லாகின் பாதுகாப்பையே தொழிலாகச் செய்யும் ஒக்டா நிறுவனத்தில் 2023-ல் நடந்த ஊடுருவலின் விளக்கத்தைத் தேடிப் படியுங்கள். ஊழியரின் சொந்த கூகுள் கணக்கில் அலுவலகப் பாஸ்வேர்டு சேமிக்கப்பட்டிருந்ததுதான் பெரும்பாலும் அதன் ஆரம்பம் என்று அந்த நிறுவனமே சொன்னது.

சரி, மாட்டிக்கொண்டாயிற்று. எல்லோரும் முதலில் செய்வது, அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுவது. தயவுசெய்து வேண்டாம்! வைரஸ் இன்னும் அங்கே இருந்தால் புதிய பாஸ்வேர்டையும் சுடச்சுட அனுப்பிவிடும். முதலில் அந்தக் கணினியின் நெட்டைத் துண்டியுங்கள். சுத்தமான வேறொரு சாதனத்தில், போனே போதும், முதலில் மெயிலுக்குப் போங்கள். வங்கிக்கு முன்னால் மெயிலா என்று கேட்பார்கள். மற்ற கணக்குகளின் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ எல்லாம் வந்து விழுவது மெயிலில்தான், அதனால். பணம் போகும் என்று பயமிருந்தால் வங்கிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள், அது தனி.

மெயிலில் பாஸ்வேர்டை மாற்றிய கையோடு, கணக்கில் நுழைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். முன்பு சொன்ன பட்டை செல்லாமல் போவது அப்போதுதான். மீட்புக்கான போன் எண்ணும் மெயிலும் உங்களுடையதுதானா பாருங்கள். அப்புறம் யாரும் பார்க்காத ஒரு மூலை இருக்கிறது: ஃபில்டரும் ஃபார்வர்டிங்கும். உங்களுக்கு வரும் மெயிலின் ஒரு நகல் எங்கோ போய்க்கொண்டே இருக்கும்படி அங்கே ஒரு விதியை வைத்துவிட்டுப் போயிருப்பான். அந்தத் தம்பியின் மெயிலில் வேறு மாதிரி ஒரு விதி இருந்தது. யூடியூபிலிருந்து வரும் மெயில்களை நேராகக் குப்பைக்கு அனுப்பும் விதி அது, எச்சரிக்கை வந்தும் அவன் கண்ணில் படாததற்குக் காரணம்.

கணினியை முழுசாக ஃபார்மட் செய்துதான் ஆகவேண்டும். ‘ஆன்டிவைரஸ் சுத்தம் பண்ணிடுச்சு’ என்பதை நான் ஏற்பதில்லை. மெயிலுக்கும் வங்கிக்கும் உள்ள பாஸ்வேர்டைப் பிரவுசரில் சேமிக்காதீர்கள். வீட்டு டைரியில் எழுதி வைத்தால்கூட எனக்கு ஆட்சேபணை இல்லை. என் சக தொழிலாளர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவனால் உங்கள் டைரியைப் புரட்ட முடியாது.

ஃபார்மட் செய்து கொடுத்ததும் முதல் வேலையாக அதே கிராக்கைத் தேடுபவர்களும் உண்டு, அவர்களிடம் நான் இரண்டாம் முறை கணினியை வாங்குவதில்லை. எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு இருக்கிறது. படங்களுக்கு ஜிம்ப், வரைய கிருதா, அலுவலக வேலைக்கு லிப்ரே ஆபீஸ். இதிலும் ஒன்றைக் கவனியுங்கள். 2022-ல் ஜிம்ப் என்று கூகுளில் தேடியவர்களுக்கு மேலே ஒரு விளம்பரம் வந்தது. அதில் காட்டிய முகவரி அசல் ஜிம்ப் தளத்தினுடையது, கிளிக் செய்தால் போய்ச் சேர்ந்தது ஓரிரு எழுத்து மாறிய போலித் தளம். அங்கே இறங்கியது ஜிம்ப் அல்ல, விடார் ஸ்டீலர், அதுவும் நான் மேலே சொன்ன அதே 700 எம்பி வடிவில். விளம்பரம் என்று மேலே குறி இருக்கும் முடிவுகளைத் தாண்டிக் கீழே வாருங்கள். தளம் திறந்ததும் முகவரியை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள், பிறகு டவுன்லோடை அழுத்துங்கள்.