முயல் வயிற்றுக்கு விடுமுறை இல்லை

மாலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது முயலை அல்ல, அதன் ட்ரேயை. காலையில் துடைத்துவிட்டுப் போன ட்ரேயில் புழுக்கை நிறைந்திருந்தால் மனசு லேசாகிவிடும். பட்டாணி அளவில், காய்ந்து, விரலால் நசுக்கினால் புல்தூளாக உதிர வேண்டும். சிறுத்துப் போயிருந்தாலோ, ட்ரே காலியாக இருந்தாலோ, அன்றைக்கு என் சாப்பாடு, குளியல் எல்லாம் பிறகுதான்.

பகலெல்லாம் ஆளில்லாத வீட்டில் முயல் வளர்க்கலாமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் அதன் தனிமையை நினைத்தே தயங்குகிறார்கள். உண்மையில் நேரக்கணக்கில் முயல் நமக்குத் தோதான பிராணி. கடையில் விற்கும் முயல்கள், எந்த நிறமானாலும், ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து ஐரோப்பியக் காட்டு முயலின் வழி வந்தவை. நம் ஊர்க் காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டாது, அதைப் பிடிப்பது வன உயிரினச் சட்டப்படி குற்றமும்கூட. ஐரோப்பிய முயல் விடியற்காலையிலும் அந்தியிலும் மேய்ந்துவிட்டு, பகலில் வளைக்குள் கிடக்கும். அந்தப் பழக்கம் ஹாலில் வளரும் முயலையும் விட்டுப் போகவில்லை. ஐந்தரை மணிக்கு நாம் எழும்போது அது துள்ளிக்கொண்டிருக்கும். பத்து மணிக்குக் கண்ணயரும். நாம் திரும்பும் நேரத்துக்குக் கதவருகே வந்து நிற்கும்.

உடல் தூங்கினாலும் குடல் தூங்காது. புல்லில் இருக்கும் செல்லுலோஸை எந்தப் பாலூட்டியாலும் தானாகச் செரிக்க முடியாது; பாக்டீரியாக்கள்தான் உடைத்துத் தர வேண்டும். மாட்டுக்கு அந்த பாக்டீரியாக்கள் வேலை செய்யும் தொட்டி இரைப்பைப் பக்கம், அதாவது முன்னால் இருக்கிறது. முயலுக்கோ பின்னால், சிறுகுடல் முடிகிற இடத்தில், சீக்கம் என்கிற பெரிய பையாக இருக்கிறது. இரைப்பையைவிடப் பல மடங்கு பெரிய பை அது. இதில் ஒரு சிக்கல் உண்டு. சத்துகளை உறிஞ்சும் சிறுகுடலைத் தாண்டிய பிறகுதான் புரதமும் பி வகை வைட்டமின்களும் தயாராகின்றன. தயாரான சத்து வெளியேறிப் போனால் என்ன பயன்?

முயலின் உடல் இதற்குக் கண்ட வழி எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. பெருங்குடலின் தொடக்கத்தில் சல்லடை போல ஒரு வேலை நடக்கிறது. நீளமான நார்கள் தனியே பிரிந்து, வேகமாக நகர்ந்து, காய்ந்த புழுக்கையாக விழுந்துவிடும். நுண்ணிய துகள்களும் நீரும் பின்னோக்கித் தள்ளப்பட்டு சீக்கத்துக்கே திரும்பும். அங்கே சில மணி நேரம் நொதித்தபின் அது வேறொரு வடிவில் வெளிவரும்: மென்மையாக, பளபளவென்று, குட்டித் திராட்சைக் கொத்து போல. அதைத் தரையில் விழவிடாமல் முயல் குனிந்து நேராக வாயில் எடுத்து விழுங்கிவிடும். மேலே பூசியிருக்கும் சளிப்படலம் இரைப்பை அமிலத்திடமிருந்து பாக்டீரியாக்களைக் கொஞ்ச நேரம் காப்பாற்றும். இரண்டாம் முறை சிறுகுடலைக் கடக்கையில் சத்து உடம்பில் சேரும். இதெல்லாம் பெரும்பாலும் முயல் ஓய்ந்திருக்கும் பகலில், நாம் ஆபீசில் இருக்கும்போது நடக்கிறது. பார்த்துவிட்டால் அருவருத்து விரட்ட வேண்டாம். அது அதன் சாப்பாடு.

இந்த ஓட்டத்தைத் தள்ளிக்கொண்டு போவது நார். பிஸ்கட், ரொட்டி, கேரட் என்று மாவும் இனிப்பும் மிகுந்தால் குடல் மந்தமாகும், பாக்டீரியாக்களின் சேர்க்கை மாறும், வாயு கட்டும். வலி வந்தால் முயல் தின்னாது. தின்னாவிட்டால் குடல் இன்னும் மந்தமாகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. போதாததற்கு, வேட்டையாடப்படும் பிராணி என்பதால் வலியை வெளிக்காட்டாது. மூலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். 12 மணி நேரம் ஒன்றும் தின்னவில்லை என்றால் அது அவசர நிலை. வேலைக்குப் போகிறவருக்கு ட்ரே ஏன் இத்தனை முக்கியம் என்பது இதனால்தான். காலை எட்டுக்கு ஒருமுறை, மாலை ஏழுக்கு ஒருமுறை. இடையில் 11 மணி நேரம். ஓவர்டைம் இருக்கும் நாளில் வீட்டுக்கு வந்து பார்க்க ஒருவர் வேண்டும்.

சாப்பாட்டில் பெரும்பங்கு உலர்ந்த புல்லாக, கிளம்பும்போது குவித்து வைத்தால் இரவுவரை தீராத அளவுக்கு, இருக்க வேண்டும். இறக்குமதி டிமோத்தி புல் நல்லது, விலை கூடுதல். நிழலில் உலர்த்திய அருகம்புல்லும் நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. குதிரைமசால் என்கிற தீவனப் பயிர் குட்டிகளுக்குச் சரி. வளர்ந்த முயலுக்கு அதன் சுண்ணாம்புச் சத்து மிகுதி. பல்லுக்கும் புல்தான் மருந்து. முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்பவை; முன்பல் மட்டும் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் கடைவாய்ப் பற்கள் தேயும்.

குட்டி வாங்கும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாலையோரக் கூண்டில் உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி பார்க்க அழகு. ஆனால் அது தாயிடமிருந்து சீக்கிரமே பிரிக்கப்பட்டிருக்கலாம். பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையில் அமிலம் குறைவு. கிருமிகளை அடக்குவது தாய்ப்பாலிலிருந்து உண்டாகும் கொழுப்பு அமிலங்கள். பால் நின்று, அமிலமும் ஏறாத இடைவெளியில் குட்டி பேதியாகிச் செத்துவிடும். நான் முதலில் வாங்கிய குட்டி அப்படித்தான் ஆறாவது நாள் போயிற்று. எட்டு வாரமாவது தாயுடன் இருந்ததா என்று கேளுங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், தெரிந்த வீட்டிலிருந்து வளர்ந்த முயலை எடுப்பதே மேல்.

தனிமைக்குத் தீர்வு இன்னொரு முயல்தான், மொபைல் வழியே நாம் பேசும் குரல் அல்ல. ஆனால் ஜோடிக்குக் கருத்தடை அறுவை செய்தாக வேண்டும். சினைக்காலம் 31 நாள்தான். பெண் முயலுக்கு அந்த அறுவை உயிர்க்காப்பும்கூட. அறுவை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்று மிகச் சாதாரணமாக வருகிறது.

சமவெளியில் இருக்கிறவர்களுக்குப் பெரிய கவலை வெயில். முயலுக்கு வியர்க்காது என்றே சொல்லலாம். காதின் ரத்தக்குழாய்களை விரித்துத்தான் சூட்டை வெளியே விடும். சுற்றுக்காற்றே 30 டிகிரியைத் தாண்டினால் அந்த வழி அடைபட்டுவிடும். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் முயல் வளர்க்கிறது. சுமார் 2,000 மீட்டர் உயரத்துக் குளிர் அங்கே இயல்பாகவே கிடைக்கிறது. சென்னையில் மே மாதம் 40 டிகிரியைத் தொடும் நாளில், மேற்கு வெயில் விழாத அறை, வெறும் டைல்ஸ் தரை, துணி சுற்றிய ஐஸ் பாட்டில், ஓடும் ஃபேன் எல்லாம் வேண்டும். பால்கனிக் கூண்டு கூடவே கூடாது.

முயலைக் கொண்டுவரும் முன்பே, முயல் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரைத் தேடி எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். நமக்கு வாங்கிய அமாக்சிசிலின் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்து வாயில் ஊட்டினால், சீக்கத்தின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து முயல் இறந்தே போகலாம். அறுவைக்கு முந்தின இரவு பட்டினி போடச் சொன்னால், அவருக்கு முயலைத் தெரியாது என்று புரிந்துகொண்டு வேறொருவரைத் தேடுங்கள்.