ஐஸ் ஒட்டும் இடம்: குளிர்நாட்டு மீன்பிடிப் படகுகள் உறைபனியைச் சமாளிக்கும் விதம்

வேலூர் மீன் மார்க்கெட்டில் ஐஸ் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. காசிமேட்டிலிருந்து வரும் கடல் மீன் உடைத்த ஐஸுக்கு நடுவே தெர்மாகோல் பெட்டிகளில் வந்து இறங்குகிறது. காவேரிப்பாக்கம் ஏரியில் பிடிபடும் கெண்டையையும் ஜிலேபியையும்கூட வெயில் ஏறுவதற்குள் ஐஸில் போட்டாக வேண்டும். அலாஸ்கா, ஐஸ்லாந்து, நார்வே, வட அமெரிக்கப் பேரேரிகள் ஆகிய இடங்களில் குளிர்காலத்தில் படகேறுபவருக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. அங்கே யாரும் கேட்காமலேயே ஐஸ் வந்து தூண்டில் கம்பிலும் ரீலிலும் வலையிலும் வலையை இழுக்கும் வின்ச்சிலும் ஒட்டிக்கொள்கிறது. சில வேளைகளில் படகையே கவிழ்த்துவிடுகிறது.

உறைபனியையே பார்க்காத ஊரில் இருந்துகொண்டு இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று தோன்றலாம். பழைய முறையில் கட்டி ஐஸ் தயாரிக்கும் ஐஸ் ஃபேக்டரி ஒன்றை உள்ளே போய்ப் பார்த்தால் போதும். மரப்பலகையால் மூடிய பெரிய தொட்டியில் உப்புக்கரைசல் நிரம்பியிருக்கும். அமோனியா ஓடும் குழாய்கள் அதைப் பூஜ்ஜியத்துக்குப் பல டிகிரி கீழே குளிர்வித்தாலும் அந்தக் கரைசல் உறைவதில்லை. அதில் இறக்கி வைத்த தகரக் கேன்களில் உள்ள நல்ல தண்ணீர்தான் உறைகிறது. கேனைத் தூக்கிக் கவிழ்த்தால் கட்டி உடனே விழாது, கேன் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் அதைக் கொஞ்ச நேரம் முக்கி எடுத்துச் சாய்த்தால் முழுக் கட்டியும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். அத்தனை பெரிய கட்டியில் அப்போது உருகியிருப்பது ஓரத்தில் உள்ள ஒரு மெல்லிய படலம் மட்டுமே. ஐஸை முழுவதும் உருக்குவது வீண் வேலை, அது ஒட்டியிருக்கும் இடத்தை விடுவித்தால் போதும் என்பதுதான் குளிர்நாட்டு மீனவர் கையாளும் பெரும்பாலான உத்திகளுக்கு அடிப்படை.

ஏன் வீண் வேலை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பூஜ்ஜியம் டிகிரியில் உள்ள ஒரு கிலோ ஐஸை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் தேவைப்படுகிறது. அதே அளவு வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து ஏறத்தாழ 80 டிகிரிக்குச் சூடாக்கிவிடலாம். உறையும்போது தண்ணீர் இதே வெப்பத்தை வெளியே விட்டாக வேண்டும் என்பதால், காற்றோட்டம் இல்லாத இடத்தில் உறைதல் மெதுவாகத்தான் நடக்கும். காற்று வீசத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது, ஏனெனில் பொருளை ஒட்டி நிற்கும் வெதுவெதுப்பான காற்றுப்படலத்தை வீசும் காற்று தொடர்ந்து வாரிக்கொண்டு போகிறது. பொருள் மெல்லியதாக இருந்தால் அந்தப் படலமும் மெல்லியதாக இருக்கும், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலிருந்தும் வெப்பம் இன்னும் வேகமாக வெளியேறும். ஒரே படகில் அகன்ற பலகை வெறும் ஈரமாக இருக்கும்போதே கயிறும் கம்பியும் ஆன்டெனாவும் வெள்ளையாகிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தூண்டில் கம்பின் நுனி வளையத்தில் இதை மிக அருகில் பார்க்கலாம். ரீலைச் சுற்றும்போது, வளையத்தின் வழியே ஓடும் தூண்டில் நரம்பு தண்ணீரைத் தன்னோடு இழுத்து வருகிறது. வளையத்தின் உள்விளிம்பில் உரசும் இடத்தில் அந்தத் தண்ணீர் வழித்தெடுக்கப்பட்டு ஒரு துளியாகத் தங்குகிறது. அடுத்தடுத்த வீச்சுகளில் அதன்மேல் மேலும் துளிகள் சேர்ந்து உறைய, வளையம் உள்பக்கமாகச் சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் நரம்பு நகர முடியாமல் அடைபடுகிறது. வளையங்களிலேயே சிறியது நுனியில் இருப்பதால் அதுதான் முதலில் அடைபடும். அவசரப்பட்டு விரலால் நசுக்கியோ தட்டியோ ஐஸை உடைப்பவர்கள், வளையத்துக்குள் பதித்திருக்கும் பீங்கான் வகைப் பூணையோ கம்பின் மெல்லிய கார்பன் நுனியையோ சேர்த்து உடைத்துவிடுவது வழக்கம்.

அதைவிட நல்ல வழி, கம்பின் நுனியை ஏரித் தண்ணீருக்குள் சில விநாடிகள் முக்குவது. காற்று பூஜ்ஜியத்துக்கு எட்டுப் பத்து டிகிரி கீழே இருந்தாலும் உறையாத தண்ணீர் அதைவிடச் சூடானதுதான். மேலும் காற்றைவிடத் தண்ணீர் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால் ஒட்டியிருக்கும் படலம் இளகி, ஐஸ் கழன்றுவிடும். ஆனால் நனைந்த கம்பை உதறாமல் அப்படியே காற்றில் பிடித்திருந்தால் மறுபடியும் உறையத் தொடங்கும்.

வளையத்தில் முன்கூட்டியே வாசலின், சமையல் எண்ணெய், சிலிக்கோன் ஸ்ப்ரே, உதட்டில் பூசும் பாம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தடவும் பழக்கமும் பரவலாக உண்டு. எண்ணெய் பூசினால் தண்ணீர் உறையாது என்று சிலர் நினைப்பதுண்டு, அது சரியல்ல. எண்ணெய் தண்ணீரில் கரைவதில்லை, ஆகவே உறைநிலையை அது மாற்றுவதுமில்லை. உலோகத்திலும் பீங்கானிலும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு; தண்ணீர் அவற்றுக்குள் புகுந்து உறையும்போதுதான் ஐஸின் பிடி இறுகுகிறது. எண்ணெய் அந்தப் பள்ளங்களை முன்னரே நிரப்பிவிடுவதால் ஐஸ் உருவானாலும் லேசான உதறலில் உதிர்ந்துவிடுகிறது. நரம்பு உரச உரச எண்ணெய் தேய்ந்துபோகும் என்பதால் அடிக்கடி பூச வேண்டியிருக்கும். உப்பும் கிளிசரினும் வேறு வகை: அவை தண்ணீரில் கரைந்து உறைநிலையையே இறக்குகின்றன. சமையலுப்பு, நூற்றுக்கு 23 பங்கு கலந்த கரைசலில், பூஜ்ஜியத்துக்கு 21 டிகிரி கீழே வரை உறைதலைத் தடுக்கும். ஆனால் ரீலின் பற்சக்கரங்களிலும் பேரிங்கிலும் உப்பு துருவைக் கொண்டுவரும் என்பதால் அதைப் படகின் தளத்துக்கு மட்டும் ஒதுக்குவதே நல்லது.

நரம்பிலும் வேறுபாடு உண்டு. பல இழைகளைப் பின்னிச் செய்த நூல் இழைகளுக்கு இடையே தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்வதால் விரைவில் விறைத்துப் போகிறது. ஒற்றை இழையான தங்கூசி தண்ணீரைப் பெரும்பாலும் மேற்பரப்பில் மட்டுமே சுமக்கிறது. ரீலுக்குள் கெட்டியான கிரீஸ் குளிரில் இன்னும் இறுகிவிடும், மெல்லிய எண்ணெய் போதும். ரீல் தண்ணீரில் முழுகாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

படகில் வேறு எதைவிடவும் அதிகச் செலவு வைக்கக்கூடியது, பின்புறம் வெளியே மாட்டியிருக்கும் அவுட்போர்டு இன்ஜின். தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிவடைவதால், குளிர்விக்கும் பாதையிலோ கியர் பெட்டியிலோ அடைபட்ட தண்ணீர் அலுமினிய வார்ப்பையே விரிசல்விடச் செய்யும். படகைக் கரையேற்றியதும் இன்ஜினைத் தூக்கிய நிலையில் விடாமல் செங்குத்தாக இறக்கி வைத்தால், குளிர்விக்கும் பாதையில் உள்ள தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். ஏரியில் நின்றுகொண்டு மீன் பிடிக்கும் நேரத்தில் அதை மேலே தூக்காமல் தண்ணீருக்குள்ளேயே விட்டு வைப்பது நல்லது. உறையாத ஏரிதான் அங்கே கிடைக்கும் மலிவான வெப்பம்.

கடலில் விவகாரம் பெரிது. உப்பு காரணமாகக் கடல் நீர் ஏறக்குறைய −1.8 டிகிரியில்தான் உறையும். ஆனால் படகின் முகப்பு அலையை உடைக்கும்போது தெறிக்கும் துளிகள் கடுங்குளிர்க் காற்றில் பறக்கையிலேயே குளிர்ந்து, எதன்மீது விழுகின்றனவோ அங்கேயே ஒரு பகுதி உறைந்துபோகின்றன. உறையாத உப்புநீர் சிறு குமிழ்களாக ஐஸுக்குள் சிக்கிக்கொள்வதால் புதிதாகப் படிந்த ஐஸ் ஓரளவு மெத்தென்று இருக்கும். நேரமாக ஆக அது மேலும் குளிர்ந்து, உப்புநீர் வடிந்து இறுகிவிடும் என்பதால் மாலுமிகள் மரச்சுத்தியல்களோடு அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பார்கள். வின்ச்சுகளைக் கான்வாஸ் உறையால் மூடுவதும், கயிற்றையும் உதிரிச் சாமான்களையும் தளத்துக்குக் கீழே இறக்கிவிடுவதும் துறைமுகத்திலேயே செய்து முடிக்க வேண்டிய வேலைகள். அடுக்கி வைத்த நண்டுக் கூண்டுகளை அப்படிக் கீழே இறக்க இடமிருக்காது. சட்டமும் வலையுமாக இருக்கும் கூண்டின் ஒவ்வொரு இழையும் ஐஸ் படிவதற்கு ஓர் இடம். 2017 பிப்ரவரி 11 அன்று பெரிங் கடலில் ஆறு பேருடன் மூழ்கிய டெஸ்டினேஷன் என்னும் நண்டுப் படகு கூண்டுகளில் ஏறிய ஐஸோடுதான் கவிழ்ந்தது.

ஐஸின் எடையைவிட, அது ஏறும் உயரமே ஆபத்தானது. பாய்மரத்தண்டிலும் கூரையிலும் கம்பிகளிலும் எடை கூடக்கூடப் படகின் ஈர்ப்பு மையம் மேலே நகர்ந்து, சாய்ந்த படகு தானாக நிமிரும் திறன் குறைந்துகொண்டே வருகிறது. 1955 ஜனவரி 26 அன்று ஐஸ்லாந்துக்கு வடக்கே லொரெல்லா, ரோடெரிகோ என்னும் இரண்டு பிரிட்டிஷ் இழுவைப் படகுகள் இவ்வாறு ஐஸ் ஏறிக் கவிழ்ந்ததில் 40 பேர் மாண்டனர். மீன்பிடிக் கப்பல்களின் பாதுகாப்புக்கான 1977-ஆம் ஆண்டின் டோரெமோலினோஸ் உடன்படிக்கை, ஐஸ் படியக்கூடிய கடல்களுக்குப் போகும் படகின் நிலைத்தன்மையைக் கணிக்கையில் திறந்த தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 30 கிலோ ஐஸையும், பக்கவாட்டுப் பரப்பில் சதுர மீட்டருக்கு 7.5 கிலோ ஐஸையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. தளத்துக்கான அந்த 30 கிலோ, சுமார் மூன்றேகால் சென்டிமீட்டர் கனமுள்ள ஐஸ் படலத்துக்குச் சமம். நல்ல புயலில் இதைத் தாண்டுவது பெரிய காரியமில்லை என்பதால் இதைக் குறைந்தபட்சப் பாதுகாப்பாகக் கொள்வதே பொருத்தம்.

வேகமாகப் படியும் ஐஸுக்கு மரச்சுத்தியல் ஈடுகொடுக்காது. அப்போது படகின் தலைவர் செய்யக்கூடியது நீர்த்தெறிப்பைக் குறைப்பதுதான்: வேகத்தைத் தணிப்பது, காற்று பின்னாலிருந்து வருமாறு படகைத் திருப்புவது, காற்றை மறைக்கும் தீவின் பக்கம் ஒதுங்குவது. அருகில் நிலம் இல்லாவிட்டால் சில படகுகள் மிதக்கும் கடல் பனிப்பரப்பின் விளிம்புக்குள்ளேயே நுழைந்துவிடுகின்றன. பனிக்கட்டிகள் அலையை அடக்கிவிடுவதால் அங்கே தெறிப்பு நின்று, படகின்மேல் மேலும் ஐஸ் ஏறுவதும் நின்றுவிடுகிறது.