ஒரே பையில் இரண்டு வருமானம்

ஜூலை வந்தால் என் அலுவலகத்துக்கு இரண்டு வேலைகள் சேர்ந்து வரும். ஒன்று, வருமான வரிக் கணக்கு. இன்னொன்று, பிளஸ் டூ முடித்த பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். இரண்டையும் ஒரே மஞ்சள் பையில் போட்டு எடுத்து வரும் அரசு ஊழியர்கள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பையைப் பிரித்தால் மேலே ஃபார்ம் 16 இருக்கும். அதில் ஆண்டுச் சம்பளம் 9 லட்சத்துச் சொச்சம். அடியில் ஒரு வருமானச் சான்று இருக்கும். அதில் 72,000.

இந்த வருஷம் அப்படி வந்த நான்காவது ஆள் ஓர் உதவியாளர். 24 வருட சர்வீஸ். பையனுக்குக் கவுன்சலிங்கில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி கிடைத்திருக்கிறது. உட்கார்ந்ததும் ஒரு லேமினேட் செய்த தாளை நீட்டினார்.

“ஓபிசி சர்டிபிகேட் சார். எட்டு லட்சத்துக்குக் கீழேன்னு தாசில்தாரே கையெழுத்துப் போட்டிருக்காரு. ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன் மட்டும் சரியா போட்டுக் குடுத்துடுங்க.”

“உங்க சம்பளம் ஒன்பது லட்சம் சார்.”

“அதான் எனக்கும் புரியல. ஆனா கவர்மெண்டே குடுத்திருக்கே?”

அந்தச் சான்றில் தவறு ஒன்றும் இல்லை. அதை அவர் புரிந்துகொண்ட விதத்தில்தான் தவறு. வருஷா வருஷம் இதையே சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது என்பதால் ஒருமுறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

அவர் நீட்டியது நான்-கிரீமி லேயர் சான்று. அதாவது, ஓபிசி எனப்படும் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பில் வசதி படைத்த பிரிவில் (கிரீமி லேயரில்) பிள்ளை இல்லை என்று சொல்லும் தாள். அது உங்கள் குடும்பத்தின் மொத்த வருமானத்தைச் சொல்லும் தாளே கிடையாது. 1993-ல் வந்த மத்திய அரசின் ஆணைப்படி அரசு ஊழியர் வீட்டில் முதலில் பார்ப்பது பதவியை. அப்பாவோ அம்மாவோ நேரடி நியமனத்தில் குரூப் ஏ அதிகாரி என்றால் பிள்ளை கிரீமி லேயர். இருவருமே குரூப் பி என்றாலும் அப்படித்தான். குரூப் சி ஊழியர் என்றால் அந்தப் பதவிக் கணக்கில் பிள்ளை சிக்காது. அதன்பிறகு வருமானம் பார்ப்பார்கள். அந்த 8 லட்சக் கணக்கில் சம்பளமும் சேராது, விவசாய வருமானமும் சேராது. வாடகை, வியாபாரம், வட்டி மாதிரி மற்றவை மட்டும்தான். அதனால்தான் 9 லட்சம் சம்பளம் வாங்கும் உதவியாளரின் மகனுக்கு, ஒரு பொய்யும் சொல்லாமல், அந்தச் சான்று கிடைக்கிறது.

அது எதற்குப் பயன்படும்? ஐஐடி, என்ஐடி, மருத்துவத்தில் அகில இந்திய ஒதுக்கீடு, மத்திய அரசு வேலை. இங்கெல்லாம் ஓபிசி 27 சதவீத ஒதுக்கீட்டைக் கேட்க. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் கிரீமி லேயர் என்ற பேச்சே கிடையாது. அங்கே சாதிச் சான்று போதும். ஸ்காலர்ஷிப்புக்கும் இந்தத் தாளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உதவித்தொகைக்குக் கேட்பது வேறு வருமானம். அதில் அப்பா சம்பளம், அம்மா சம்பளம், எல்லாம் சேரும். பிற்படுத்தப்பட்டோருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்கு வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மத்திய அரசு தரும் பிஎம்-உஸ்ப் உதவித்தொகைக்கு 4.5 லட்சம். இப்போது 19,500 அடிப்படைச் சம்பளத்தில் சேரும் இளநிலை உதவியாளருக்கே அகவிலைப்படியோடு ஆண்டுக்கு 3 லட்சம் தாண்டிவிடும். அதாவது வேலையில் சேர்ந்த அன்றே போஸ்ட் மெட்ரிக் கதவு அடைபட்டுவிட்டது. 24 வருடம் கழித்து வந்து தட்டுகிறோம்.

இந்தக் குழப்பத்துக்கு அரசாங்கமும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஈடபிள்யூஎஸ் (பொதுப் பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தோர்) சான்றுக்கும் 8 லட்சம்தான் வரம்பு, ஆனால் அங்கே சம்பளம் சேரும். பிஎம் வித்யாலட்சுமி கல்விக் கடன் வட்டிச் சலுகைக்கும் 8 லட்சம்தான். அதில் குடும்பத்தின் எல்லா வருமானமும் சேரும். எண் ஒன்று, அர்த்தம் வேறு வேறு. சாதாரண மனிதன் குழம்பாமல் என்ன செய்வான்?

சரி, குழப்பம் வேறு, அந்த 72,000 வேறு. அது எப்படி வந்தது என்று கேட்டேன். பிரவுசிங் சென்டர் தம்பி போட்டுக் கொடுத்தாராம். மனைவி பெயரில், தையல் வருமானம் என்று. “எல்லாரும் அப்படித்தான் சார் பண்றாங்க.” மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். “எனக்கு ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியாது” என்று மெதுவாகச் சொன்னார்.

சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. உங்கள் சம்பளப் பட்டியல் அரசின் ‘களஞ்சியம்’ மென்பொருளில் இருக்கிறது. பிடித்த வரி உங்கள் பான் எண்ணில் இருக்கிறது. பான் ஆதாரோடு இணைந்திருக்கிறது. அந்த ஆதாரைத்தான் பையனின் விண்ணப்பத்திலும் கேட்கிறார்கள். யாராவது ஒருவர் பெட்டிஷன் போட்டால் போதும், 17(பி) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு, வந்து நிற்கும். பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வரும் நேரம் பார்த்துத்தான் அந்த பெட்டிஷனும் வரும், அது வேறு விஷயம். ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்காக 24 வருட சர்வீஸை அடகு வைக்காதீர்கள். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் பட்டதாரி சலுகையிலும் இதே கதை. அதற்கு வருமான வரம்பு கிடையாது என்பது உண்மைதான். ஆனால் குடும்பத்தில் வேறு யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. “அஞ்சல் வழியில படிச்ச பி.ஏ. தானே சார்” என்கிறார்கள். அந்த பி.ஏ. உங்கள் பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் இருக்கிறது ஐயா. பதவி உயர்வு கேட்கும்போது பட்டம், பையனுக்குச் சான்று வாங்கும்போது பட்டம் இல்லையா?

மத்திய அரசு ஊழியர்கள் வேறொரு இடத்தில் ஏமாறுகிறார்கள். குழந்தைகள் கல்விப்படி மாதம் 2,812.50 ரூபாய் வருகிறதே, கல்லூரிக்கும் தொடரும் என்று நினைத்து அதையும் சேர்த்துப் பட்ஜெட் போட்டுவிடுகிறார்கள். பிளஸ் டூவோடு அது நின்றுவிடும். மாநில அரசு ஊழியர்களுக்கு 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தது, தொழிற்கல்விக்கு 1 லட்சம், கலை அறிவியல், பாலிடெக்னிக் படிப்புக்கு 50,000. அதன் பெயரைச் சற்று நிறுத்தி வாசியுங்கள்: கல்வி முன்பணம். முன்பணம் என்றால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதை ‘ஸ்காலர்ஷிப்’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உண்மையிலேயே கிடைக்கக்கூடியவை சில உண்டு. அவற்றை யாரும் கேட்பதில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத ஒதுக்கீடு, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். மாணவிக்குப் புதுமைப் பெண், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். அப்பா அரசு ஊழியர் என்பதால் இவற்றில் தடை கிடையாது. பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்திருந்தால் போதும். இந்த வரியைப் படித்ததும் பாதிப் பேர் அடுத்த பத்திக்குப் போயிருப்பீர்கள், தெரியும். அப்புறம், ஆசிரியர் என்றால் 1962 முதல் இருக்கும் ஆசிரியர் நல நிதியை விசாரியுங்கள். ரயில்வே என்றால் ஊழியர் நல நிதி. துணை ராணுவம், முன்னாள் ராணுவத்தினர் என்றால் பிரதமர் கல்வி உதவித்தொகை, மகளுக்கு மாதம் 3,000, மகனுக்கு 2,500. இவை ஊழியர் நலன் என்ற பெயரில் வருபவை. விண்ணப்பத் தேதியைத் தவறவிடுவதுதான் இதில் வழக்கமான குறை. சுற்றறிக்கை அலுவலகப் பலகையில்தான் ஒட்டியிருக்கும், அதைப் படிக்க நேரம் இருக்காது.

ஊழியர் சங்கங்களும் கூட்டுறவு நாணயச் சங்கங்களும் நடத்தும் கல்வி நிதி பற்றி ஒரு வார்த்தை. நல்ல எண்ணம்தான், கணக்கு மட்டும் உதைக்கும். ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்க்கும்போது கண்டதை, எண்களை மாற்றிச் சொல்கிறேன். 600 உறுப்பினர்கள், மாதம் ஆளுக்கு 100 ரூபாய், ஆண்டுக்கு 7.2 லட்சம். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000 என்று முதல் வருஷம் 36 பேருக்குக் கொடுத்தார்கள். மேடை, பொன்னாடை, போட்டோ எல்லாம் ஆயிற்று. இரண்டாம் வருஷம் பழைய 36 பேரும் வந்து நின்றார்கள், படிப்பு நான்கு வருஷம் அல்லவா? புதிதாக இன்னொரு 36 பேரும் கேட்டார்கள். இப்படியே போனால் நான்காம் வருஷம் 144 பேர், 28.8 லட்சம் வேண்டும். வரவு அதே 7.2 லட்சம். கடைசியில் பழைய பிள்ளைகளை நிறுத்தினார்கள். மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண்ணிடம் போய் “இனி இல்லை” என்று சொல்வதற்கு, முதலிலேயே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆண்டுக்கு 9 புதியவர்களை மட்டும் எடுத்திருந்தால், நான்காம் வருஷம் 36 பேர், கணக்கு நேராக இருந்திருக்கும். பொதுக்குழுவில் 9 என்று சொன்னால் கைதட்ட மாட்டார்கள், அதுதான் சிக்கல்.

இனி கடன். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போனால் “கல்விக் கடனுக்கு நாளாகும், பர்சனல் லோன் நாளைக்கே தர்றோம் சார்” என்பார்கள். வாங்காதீர்கள். பர்சனல் லோனுக்கு அடுத்த மாதமே தவணை. கல்விக் கடனுக்குப் படிப்புக் காலமும் அதன்மேல் ஒரு வருஷமும் அவகாசம் உண்டு. 4 லட்சம் வரை மூன்றாம் ஆள் ஜாமீனோ சொத்துப் பத்திரமோ கேட்கக் கூடாது, 7.5 லட்சத்துக்கு மேல்தான் சொத்து. பழைய வரி முறையில் இருப்பவருக்குக் கல்விக் கடன் வட்டி முழுவதுக்கும் 8 வருஷம் 80இ பிரிவில் வரிக் கழிவு கிடைக்கும். பர்சனல் லோனுக்குக் கிடைக்காது. புதிய வரி முறையில் இருந்தால் 80இ-யும் கிடையாது, கல்விக் கட்டணத்துக்கான 80சி-யும் கிடையாது. கல்லூரி ரசீதுகளை ஃபைல் போட்டுக் கொண்டுவந்து என் மேசையை நிரப்ப வேண்டாம்.

பொது வருங்கால வைப்பு நிதியை, அதாவது ஜிபிஎஃப்பை, துடைத்து எடுக்க வருபவர்களையும் நான் தடுக்கிறேன். அது உங்கள் பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் 52 வயதில் அதைக் காலி செய்தால் 60-ல் மகனிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். அதற்கு இப்போதே அவன் பெயரில் கல்விக் கடன் போடுவது மேல். படித்து முடித்து அவனே கட்டட்டும். மாநில அரசில் 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்கு ஜிபிஎஃப்பே கிடையாது, எனவே அவர்களிடம் இந்தச் சண்டையும் எனக்கு இல்லை.

உதவியாளர் அந்த 72,000 தாளை என் எதிரிலேயே நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. விண்ணப்பத்தில் சேர்க்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார். கல்விக் கடனுக்கு வேண்டிய தாள்களை எழுதிக் கொடுத்தேன். எழுந்து வாசல்வரை போன பிறகு அவர் மனைவி மட்டும் திரும்பி வந்தார்.

“பொண்ணு ஏழாவது படிக்குது சார். அவளுக்காவது இப்பவே ஏதாவது...”

செல்வமகள் கணக்கை 10 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். பெண்ணுக்கு 12. படிப்பது தனியார் பள்ளியில், எனவே 7.5 சதவீதமும் புதுமைப் பெண்ணும் இல்லை. இரண்டு கதவும் போயிற்று. இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது, தபால் அலுவலகத்தில் ஐந்து வருட ஆர்.டி. போடுங்கள், எவ்வளவு முடியும் என்று கேட்டேன். அவர் கணவர் வெளியே வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். “மாசம் மூவாயிரம். அவர்கிட்ட சொல்லாதீங்க” என்றார்.