எல்.எல்.ஆர். இருந்தால் செல்ஃப் டிரைவ் கார் எடுக்கலாமா?

முடியாது. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வைத்திருப்பவர் கார் ஓட்டலாம். ஆனால் நாமே ஓட்டிச்செல்ல காரை வாடகைக்குத் தரும் செல்ஃப் டிரைவ் நிறுவனங்கள் முழு லைசென்ஸ் இல்லாமல் சாவி தருவதில்லை. லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், வயது 21 ஆகியிருக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு.

ஓட்டுவதற்கும் நிபந்தனை இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 3-ஆவது விதிப்படி, எல்.எல்.ஆர். காலாவதி ஆகியிருக்கக் கூடாது. அதன் ஆயுள் 6 மாதம். கார் லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதாவது முன்சீட்டில், ஹேண்ட் பிரேக் கைக்கு எட்டும் தூரத்தில். பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வரும் மாமா கணக்கில் சேரமாட்டார். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பரப்பில் சிவப்பு ‘எல்’ தெரிய வேண்டும்: அட்டை 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையாமல், எழுத்து 10 செ.மீ. உயரம், 2 செ.மீ. தடிமன், அடியில் 9 செ.மீ. அகலம். ஸ்டிக்கர் வாங்கும்போதே ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இதில் ஒன்று தவறினாலும் லைசென்ஸே இல்லாமல் ஓட்டியதாகத்தான் ஆகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 181-ஆவது பிரிவில் ரூ.5,000 அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். வண்டியைக் கொடுத்தவர் மீது 180-ஆவது பிரிவு பாயும்.

“லைசென்ஸ் உள்ள நண்பன் பெயரில் எடுத்து நான் ஓட்டுகிறேன்” என்பதுதான் பலரும் யோசிக்கும் வழி. சிக்கலே அங்கேதான். வாடகைக் கார் வணிக வாகனம். கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். பயணிகள் வாகனங்களுக்கான வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசியில், எல்.எல்.ஆர். உள்ளவர் பயணிகள் இல்லாதபோது மட்டுமே ஓட்டலாம் என்று இருக்கும். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்துவிட்டால், பம்பர் முதல் ரேடியேட்டர் வரை செலவு முழுக்க நண்பர் தலையில் விழும்.

தெரிந்தவரின் வெள்ளை நம்பர் பிளேட் காரை நாள் வாடகைக்கு எடுப்பது இன்னும் மோசம். தனியார் கார் பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது.

பழகுவதற்கு வீட்டுக் கார் போதும். தனியார் கார் பாலிசி 3-ஆவது விதியைப் பின்பற்றும் எல்.எல்.ஆர். காரரை ஏற்கிறது. வீட்டில் கார் இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற டிரைவிங் ஸ்கூலுக்குப் போங்கள். அங்கே பயிற்றுநர் பக்கமும் பிரேக் இருக்கும். விதிப்படி பயிற்சி குறைந்தது 21 நாள், அதில் ஸ்டீயரிங் பிடித்து ஓட்டும் நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பணம் கட்டும் முன் இந்த 10 மணி நேரத்தைப் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்டுக்குப் போகலாம்.

தேறிய பிறகு செல்ஃப் டிரைவ் கார் ஓட்ட டாக்சி டிரைவர்களுக்கான பேட்ஜ் தேவையில்லை. சாதாரண கார் லைசென்ஸே போதும். டிஜிலாக்கரில் இருக்கும் லைசென்ஸும் செல்லும்.