5 பேரை 4 பேர் ஜெயிக்கிற கணக்கு

"சுப்ரீம் கோர்ட் ஒண்ணுதானே, அப்புறம் ஏன் ஒரு கேஸுக்கு 2 ஜட்ஜ், இன்னொண்ணுக்கு 9 ஜட்ஜ்?"னு ஒரு வாசகர் கேட்டிருந்தாரு. நல்ல கேள்வி.

நம்ம நாட்டுல கோர்ட் அடுக்கு தெரிஞ்சதுதான். சிவில்னா முன்சீப் கோர்ட், சப் கோர்ட், மாவட்ட கோர்ட், கிரிமினல்னா மாஜிஸ்திரேட், செஷன்ஸ், அதுக்கு மேல 25 ஹைகோர்ட், உச்சியில டெல்லி. மேல ஏற ஏற கேஸ் இளைச்சுக்கிட்டே போகும், யாரு வேலியை தள்ளி நட்டாங்கற சண்டையெல்லாம் கீழேயே முடிஞ்சிடணும், ஹைகோர்ட்டுக்கு ரெண்டாவது அப்பீல் போனா சட்டக் கேள்வி மட்டும்தான் பேச முடியும்.

அரசியலமைப்பு 141வது பிரிவுப்படி சுப்ரீம் கோர்ட் சொல்ற சட்டம் எல்லா கோர்ட்டையும் கட்டுப்படுத்தும். சரி, சுப்ரீம் கோர்ட்டே ரெண்டு விதமா பேசிட்டா? அங்கதான் எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் வருது, அந்த ஒரே கட்டிடத்துக்குள்ளயே இன்னொரு அடுக்கு ஒளிஞ்சிருக்கு, பெஞ்சுல, அதாவது ஒரு கேஸை சேர்ந்து விசாரிக்கிற ஜட்ஜ் குழுவுல, எத்தனை பேர்ங்கறதுதான் அது. சின்ன பெஞ்சுக்கு பெரிய பெஞ்ச் சொன்னது தப்புன்னு தோணலாம், ஆனா மீற முடியாது, பெரிய பெஞ்சுக்கு அனுப்பச் சொல்லி தலைமை நீதிபதிகிட்ட கேக்கலாம், அவ்ளோதான்.

அந்தரங்க உரிமை கேஸையே எடுத்துக்கோங்க. 1954ல 8 ஜட்ஜ் பெஞ்ச் ஒண்ணு அப்படி ஒரு உரிமையை அரசியலமைப்புக்குள்ள இழுத்துட்டு வர முடியாதுன்னு சொல்லிடுச்சு, அப்போ அந்த கோர்ட்டுக்கு அனுமதிச்ச மொத்த எண்ணிக்கையே 8தான்! 1962ல 6 ஜட்ஜ் பெஞ்ச் ஒண்ணும் பெரும்பான்மையா கிட்டத்தட்ட அதையே சொல்லிச்சு. அப்புறம் வந்த சின்ன சின்ன பெஞ்சுகள் "இல்லப்பா, உரிமை இருக்கு"ன்னு பல தடவை சொல்லியும், ஆதார் கேஸ் வந்தப்போ அரசாங்க வக்கீல் அந்த பழைய 8 ஜட்ஜ் தீர்ப்பை எடுத்து மேஜையில வச்சாரு. 3 பேர் 5 பேருக்கு அனுப்பி, 5 பேர் 9 பேருக்கு அனுப்பி, கடைசியில 2017 ஆகஸ்ட்ல 9 பேரும் ஒருமனதா அந்தரங்கம் அடிப்படை உரிமைதான்னு சொன்னாங்க. ஏன் 9? எட்டை தாண்டணும், அதான்.

இதைவிட வேடிக்கை ஒண்ணு இருக்கு. 5 பேர் ஒருமனதா ஒண்ணு சொல்றாங்க, பின்னாடி 7 பேர் பெஞ்ச் 4க்கு 3னு அதுக்கு நேர்மாறா சொல்லுது. எது செல்லும்? நாலு பேர் சொன்னதுதான்! எத்தனை பேர் ஒத்துக்கிட்டாங்கன்னு பாக்கறதில்ல, எத்தனை பேர் உக்காந்தாங்கங்கறதுதான் கணக்குன்னு 2022ல ஒரு 5 ஜட்ஜ் பெஞ்சே தெளிவா சொல்லிடுச்சு. மொதல்ல படிச்சப்போ எனக்கு அநியாயமா பட்டுச்சு, யோசிச்சா வேற வழியில்ல, தலையை எண்ண ஆரம்பிச்சா ஒவ்வொரு கீழ்கோர்ட்டும் பழைய தீர்ப்பையெல்லாம் கூட்டிக் கழிச்சுக்கிட்டேதான் உக்காந்திருக்கணும்.

இதுவரைக்கும் பெரிய பெஞ்ச், அரசியலமைப்பை பார்லிமென்ட் எவ்வளவு தூரம் திருத்தலாம்னு பேசின 1973 கேசவானந்த பாரதி கேஸ்லதான், 13 பேர், ஏன்னா 1967ல 11 பேர் சொன்னதை பரிசீலிக்கணும். தீர்ப்பு 7க்கு 6, வாதம் மட்டும் 68 நாள். அதை மாத்தணும்னா சரிபாதி ஆகாம இருக்க 15 பேராவது உக்காரணும், அதாவது ரெண்டு ரெண்டு ஜட்ஜா உக்கார்ற ஏழு பெஞ்சுகள் மாசக்கணக்குல மூடிக் கிடக்கணும், ஏற்கெனவே கோர்ட்டுக்கு காசு ஒதுக்க அரசாங்கங்களுக்கு மனசு வராத நாட்டுல.