‘அவங்க புத்தகம்’ என்று ஒன்று கிடையாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது புகார். நியூ ஜெர்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணின் அம்மா, மகள் எடுத்துப்போன நாவலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பக்க ஓரங்களில் மஞ்சள் சீட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. எல்லாம் கெட்ட வார்த்தை வருகிற இடங்களாம்.

“விருது வாங்கின புத்தகமா எடுத்துட்டு வான்னுதான் சொல்லி அனுப்பினேன் அக்கா. நீங்க கறுப்புப் பிள்ளைங்களுக்கான புத்தகத்தைக் குடுத்திருக்கீங்க.”

“முழுசாப் படிச்சீங்களா?”

“எதுக்கு? புரட்டினாலே தெரியுதே.”

அவர் புரட்டியது ஆஞ்சி தாமஸ் எழுதிய ‘தி ஹேட் யூ கிவ்’. 2017இல் வந்த அவருடைய முதல் நாவல். இளையோருக்கான முதல் புத்தகத்துக்கென்றே தருகிற வில்லியம் மாரிஸ் விருதை 2018இல் வாங்கியது. அதே ஆண்டு, இளையோர் இலக்கியத்துக்கான பிரிண்ட்ஸ், கறுப்பின எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் தருகிற கொரெட்டா ஸ்காட் கிங் ஆகிய இரண்டு விருதுகளிலும், முதல் பரிசுக்கு அடுத்த இடமான சிறப்பு மதிப்பு பெற்றது. 2009இல் ஓக்லண்ட் ரயில் நிலையத்தில் ஆஸ்கர் கிராண்ட் என்ற இளைஞரைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றபோது, மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சனில் கல்லூரி மாணவியாக இருந்த ஆஞ்சி தாமஸ் அந்தக் கோபத்தில் எழுதத் தொடங்கிய சிறுகதைதான் பின்னால் நாவலானது. அதில் ஸ்டார் என்ற பதினாறு வயதுப் பெண்ணின் கண்ணெதிரே, சின்ன வயதிலிருந்து கூட விளையாடிய கலீலை, காரை மறித்த போலீஸ்காரர் சுட்டுவிடுகிறார். அந்த இடத்தில் மஞ்சள் சீட்டு எதுவும் இல்லை.

கெட்ட வார்த்தையைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. பள்ளிப் பேருந்தில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள், போதும். என்னை எரிச்சலூட்டுவது ‘கறுப்புப் பிள்ளைங்களுக்கான புத்தகம்’ என்கிற அந்தச் சொல்தான்.

அட்டையில் கொரெட்டா ஸ்காட் கிங் முத்திரை இருந்தால், எழுதியவரோ படம் வரைந்தவரோ கறுப்பினத்தவர் என்று அர்த்தம். படிப்பவர் யாராக இருக்க வேண்டும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. சாகித்திய அகாதெமியின் தமிழ் விருது தமிழில் எழுதிய நூலுக்குத்தான் கிடைக்கும். அதற்காக அந்த நூலின் மொழிபெயர்ப்பை மலையாளி படிக்கக் கூடாதா? இதை நான் மாதம் மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்து வருவது, “அப்போ இது ஒருவித இடஒதுக்கீடுதானே, தரம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்.” இல்லைங்க. கொரெட்டா ஸ்காட் கிங் விருது பிறந்ததே எங்கள் மாநிலத்தில்தான். 1969இல் அட்லாண்டிக் சிட்டியில் நூலகர் மாநாடு. மேபல் மெக்கிசிக், கிளின்டன் கிரீர் என்ற இரண்டு பள்ளி நூலகர்கள் ஒரு பதிப்பாளர் கடையில் மார்ட்டின் லூதர் கிங் சுவரொட்டி ஒன்றுக்கு ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். பேச்சு வளர்ந்தது. அமெரிக்காவின் பெரிய சிறார் விருதான நியூபெரி 1922 முதல் தரப்படுகிறது, இதுவரை ஒரு கறுப்பினத்தவர்கூட வாங்கவில்லையே என்று இருவரும் அங்கலாய்க்க, “நீங்களே ஒன்று தொடங்குங்களேன்” என்றார் அந்தப் பதிப்பாளர். மறு ஆண்டே முதல் விருதைக் கொடுத்துவிட்டார்கள். நியூபெரி ஒரு கறுப்பினத்தவர் கைக்கு வர 1975 ஆனது, வர்ஜீனியா ஹாமில்டனுக்கு. அதற்குப் பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2013இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக மையம் ஒன்று கணக்கெடுத்த சுமார் 3,200 சிறார் நூல்களில் கறுப்பின மக்களைப் பற்றியவை 93. தரம் குறைந்ததால் தனி விருது வரவில்லை, தரமானதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லாததால் வந்தது.

இதே குடும்பத்தில் புதியவர்களுக்கென்று ஜான் ஸ்டெப்டோ விருது இருக்கிறது. 1995இல் தொடங்கியது, மூன்று புத்தகங்களுக்கு மேல் வெளியிட்டவருக்குக் கிடைக்காது. ஸ்டெப்டோ தன் முதல் படக்கதையை இருபது வயதாவதற்குள் வெளியிட்டவர், அதனால் பொருத்தமான பெயர்தான். 2015இல் இதை வாங்கியவர் ஜேசன் ரெனால்ட்ஸ். இன்று அவர் புத்தகம் என் அலமாரியில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் தங்குவதில்லை. 2021இல் டிரேசி டியானின் ‘லெஜண்ட்பார்ன்’. ஆர்தர் ராஜா கதையும் மந்திரமும், அம்மாவை இழந்த ஒரு பெண்ணின் துக்கமும் கலந்தது. கறுப்பினத்தவர் எழுதினாலே அழுகையும் துப்பாக்கியும்தான் என்பவர்கள் இதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

“பக்கத்துக்கு நாலு வரிதான் இருக்கு, இதுக்கா காசு?” என்றார் இன்னொரு அப்பா, ரெனால்ட்ஸின் ‘லாங் வே டவுன்’ நாவலைப் பார்த்து. அது கவிதை நடை நாவல். அண்ணனைக் கொன்றவனைத் தீர்த்துக்கட்ட, இடுப்பில் துப்பாக்கியோடு லிஃப்டில் இறங்கும் பையனின் அறுபது வினாடிகள். ஒவ்வொரு தளத்திலும் செத்துப்போன ஒருவர் ஏறுகிறார். புத்தகத்தையே தொடாத பையன்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். இரண்டு நாளில் திரும்பி வந்து “இதே மாதிரி வேற இருக்கா?” என்பார்கள்.

சரி, உண்மையிலேயே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கொரெட்டா ஸ்காட் கிங் முத்திரை வயதைச் சொல்லாது. மழலைப் படப் புத்தகத்துக்கும் பன்னிரண்டாம் வகுப்பு நாவலுக்கும் அதே முத்திரைதான். 2019 ஸ்டெப்டோ விருது பெற்ற ‘மண்டேஸ் நாட் கமிங்’ காணாமல் போன ஒரு சிறுமியைப் பற்றியது. குழந்தை வதையெல்லாம் வரும். முத்திரையை மட்டும் பார்த்து அதை எட்டு வயதுக் குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். பின்னட்டையிலோ பதிப்பாளர் தளத்திலோ வயது போட்டிருக்கும், பாருங்கள். சந்தேகமாக இருந்தால் நூலகரிடம் கேளுங்கள், அதற்குத்தான் சம்பளம். முதல் நாற்பது பக்கத்தை நீங்களே படியுங்கள். தேடிப் பிடித்த ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பிடுங்கி ஒளித்து வைக்கவும் வேண்டாம், நண்பனின் பையில் இன்னொரு பிரதி இருக்கும்.

எங்கள் மேலும் குற்றம் உண்டு. பிப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம் என்று இந்தப் புத்தகங்களை வாசலில் அடுக்கிவிட்டு, மார்ச் ஒன்றாம் தேதி திரும்ப உள்ளே தள்ளிவிடுகிறோம். பெற்றோர் ‘அவங்க புத்தகம்’ என்று நினைத்தால் அதில் நாங்கள் கற்றுக்கொடுத்ததும் கொஞ்சம் இருக்கிறது. இந்த ஆண்டு நான் எடுக்கவில்லை, அங்கேயே இருக்கின்றன.

அந்த அம்மாவிடம் அவர் மகள் புத்தகத்தை எடுத்த அன்று என்னிடம் சொன்னதைச் சொன்னேன். ஸ்டார் தன் தெருவில் ஒரு மாதிரி பேசுவாள், தனியார் பள்ளியில் வாயை எண்ணித் திறப்பாள். “நானும் அப்படித்தான் மிஸ். வீட்ல ஒரு ஆள், இங்க ஒரு ஆள்” என்றாள் அந்தப் பெண்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்து மேசை விளிம்பில் ஒட்டினார். அப்புறம் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, “எப்ப திருப்பித் தரணும்?” என்று கேட்டார். மூன்று வாரம் என்றேன். நான்கு வாரமாகிறது, நினைவூட்டல் எதுவும் அனுப்பவில்லை.